பழைய மில்லிங் மெஷினுக்கு எந்த சர்வோ? ஒரு மதுரைக் கணக்கு

ஒத்தக்கடையிலோ சிலைமான் பக்கமோ வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு, பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி இறக்கிவிட்டவர் அடுத்துக் கேட்பது இதைத்தான்: சிஎன்சியாக மாற்ற எத்தனை வாட் சர்வோ போடலாம்? பதில் தயாராக இருக்கிறது. விற்பவர், ஏற்கெனவே மாற்றியவர், யூடியூபில் பார்த்தவர் என்று எல்லோரும் 750 வாட் என்கிறார்கள். அந்தப் பதில் பெரும்பாலும் சரிதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் சரியில்லை. "பெரிய மெஷின், பெரிய மோட்டார்" என்ற கணக்கில் வாங்குபவர் மோட்டாருக்குக் கொட்டிவிட்டு, ஸ்க்ரூவுக்கும் எர்த்துக்கும் வரும்போது கையைப் பிசைகிறார்.

இந்த மெஷின்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பாதிக் கதை புரியும். கோச்சடையில் ஃபென்னர், வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலை, கப்பலூரில் தியாகராசர் மில், நகருக்குள் மதுரா கோட்ஸ் என்று ஆலைகளை அண்டி லேத் பட்டறைகள் வளர்ந்த ஊர் இது. கே.புதூரிலும் கப்பலூரிலும் சிட்கோ பேட்டைகள் இருக்கின்றன. ஒரு பட்டறையில் விஎம்சி எனப்படும் புதிய செங்குத்து சிஎன்சி மெஷின் வந்து நின்றால், அங்கிருந்த எச்எம்டி எஃப்என் 2, எல்லோரும் எம்1டிஆர் என்றே அழைக்கும் டரெட் மில், அதன் நகல்கள் எல்லாம் ஏறக்குறைய இரும்பு விலைக்குக் கைமாறும். வார்ப்பிரும்பு உடல் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும். தேய்ந்திருப்பது லீட் ஸ்க்ரூ, நட், ஸ்லைடு. சிவகாசி அச்சு இயந்திரத்துக்கு உதிரி பாகம், ராஜபாளையம் நூற்பாலைக்கு ஒரு பிராக்கெட், திண்டுக்கல் பூட்டுக்கு டை என்று வீட்டிலிருந்தே செய்து கொடுக்க இந்த உடல் போதும்.

பழைய மெஷினில் மோட்டார் மாட்டுவதை ஏதோ ஏழைகளின் குறுக்குவழி என்று நினைப்பவர்கள் உண்டு. உலகின் முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினே இப்படி மாற்றப்பட்டதுதான். ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய ஜான் பார்சன்ஸ் போட்ட திட்டத்தில் தொடங்கி, அமெரிக்க விமானப் படையின் பணத்தில், எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகம் ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் மெஷினை எடுத்து மூன்று அச்சுக்கும் சர்வோ மாட்டியது. 1952-ல் துளையிட்ட நாடாவைக் கொண்டு அதை ஓட்டிக் காட்டினார்கள். வால்வுகளால் ஆன கட்டுப்பாட்டுப் பெட்டி மெஷினைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டது. அந்தப் பெட்டி இன்று உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் மேசையைத் தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

அந்தக் கணக்கை சர்வோவிலிருந்து தொடங்கக் கூடாது, ஸ்பிண்டிலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டு மெஷினில் பெரும்பாலும் ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார், அதாவது 1.1 கிலோவாட். பெல்ட்டிலும் பேரிங்கிலும் போனது போக, வெட்டும் முனையில் 800 வாட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 12 மிமீ கார்பைடு எண்ட் மில் மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓடினால் ஸ்பிண்டில் ஏறத்தாழ 1600 ஆர்பிஎம் சுற்றும். அந்த வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். எனவே 800 வாட்டுக்கு வரும் வெட்டு விசை 800 நியூட்டன், எண்பது கிலோ சொச்சம். இதற்கு மேல் அழுத்தினால் ஸ்பிண்டில் திணறி நின்றுவிடும். மேசை, வைஸ், ஜாப் எல்லாம் சேர்த்து 150 கிலோ என்றால், எண்ணெய் உள்ள டவ்டெயில் ஸ்லைடில் உராய்வு இருநூற்றுச் சொச்சம் நியூட்டன். ஆக அச்சுக்குத் தேவை 1000 நியூட்டன்.

ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகரும் பால் ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம். 1000 நியூட்டன் தள்ள அதற்கு 0.9 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். பழைய டிரப்பீசாய்டல் ஸ்க்ரூவையே வைத்துக்கொண்டால் திறன் மூன்றில் ஒரு பங்குதான். அதே வேலைக்கு இரண்டரை நியூட்டன் மீட்டர் வேண்டும். சந்தையில் கிடைக்கும் 400 வாட் ஏசி சர்வோ தொடர்ந்து 1.27 நியூட்டன் மீட்டரும், சில நொடிகளுக்கு அதைப்போல் மூன்று மடங்கும் தரும். 750 வாட் என்றால் 2.4. பால் ஸ்க்ரூ போட்டவருக்கு 400 வாட்டே தாராளம் என்றுதான் விசைக் கணக்கு சொல்கிறது.

காகிதக் கணக்கை நம்பாதவர்கள் மெஷினையே கேட்கலாம். கைச்சக்கரத்தின் விளிம்பில் ஒரு கயிற்றைச் சுற்றி, முனையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் தராசு காட்டும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு நியூட்டன் மீட்டர். மேசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர்த்தி இப்படிப் பார்க்கும்போது முள் நடுவில் 600 கிராமும் இரண்டு ஓரங்களில் இரண்டு கிலோவும் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். வருடக்கணக்காக வேலை நடுவில்தான் நடந்திருக்கிறது. ஸ்லைடு அங்கே தேய்ந்து, அந்த ஆட்டத்தை எடுக்க யாரோ கிப் என்னும் ஆப்புத் தகட்டை இறுக்கி, ஓரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெரிய மோட்டார் போட்டால் அது பிடித்த இடத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஜாப்பில் மட்டும் அளவு தவறும். ஸ்க்ரேப்பிங்குக்கு ஆள் தேட வேண்டிய இடம் இது.

இன்னொரு எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். ஸ்டீலில் நிமிடத்துக்கு 600 மிமீ ஃபீட் வைத்தால் 5 மிமீ ஸ்க்ரூ 120 ஆர்பிஎம்தான் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு நியூட்டன் மீட்டர் என்பது 12.6 வாட். 750 வாட் மோட்டாரை மாட்டிய மெஷின், வெட்டும்போது அதிலிருந்து ஒரு ராத்திரி விளக்கின் அளவு சக்தியைத்தான் வாங்குகிறது. பெயர்ப்பலகையில் உள்ள வாட் 3000 ஆர்பிஎம்முக்கு உரியது. அந்த வேகத்தில் மேசை நிமிடத்துக்கு 15 மீட்டர் ஓடும்; டவ்டெயில் ஸ்லைடு உள்ள எந்த வீட்டு மெஷினும் அதைத் தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை.

அப்படியானால் 750 ஏன் சரியான பதிலாகிறது? விடை சுழல் நிலைமத்தில் இருக்கிறது. மோட்டாரின் ரோட்டர், தான் சுழற்ற வேண்டிய பொருளோடு ஒப்பிட்டால் ரொம்பவும் இலேசாக இருக்கக் கூடாது. இலேசாக இருந்தால் மேசை நின்ற பிறகும் மோட்டார் நடுங்கிக்கொண்டே நிற்கும், டியூனிங் பிடிபடாது. 150 கிலோ மேசை 5 மிமீ ஸ்க்ரூ வழியாக மோட்டாருக்குத் தெரிவது வெறும் 0.95 கிலோ-சதுர சென்டிமீட்டராக. 25 மிமீ விட்டமும் 900 மிமீ நீளமும் உள்ள ஸ்க்ரூவின் சொந்த நிலைமமோ 2.7. மேசையைவிட ஸ்க்ரூ மூன்று மடங்கு கனமாகத் தெரிகிறது என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். இரண்டும் சேர்ந்து 3.7. குறைந்த நிலைம வகை 400 வாட் மோட்டாரின் ரோட்டர் 0.28, விகிதம் பதின்மூன்றுக்கு ஒன்று. 750 வாட்டில் ரோட்டர் 1.1, விகிதம் மூன்றரைக்குள் வந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் 750 இப்படித்தான் சரியாகிறது. வெட்டு விசை அதில் வரவே இல்லை.

இதே பலனை 400 வாட்டிலும் எடுக்கலாம். டைமிங் பெல்ட் போட்டு இரண்டுக்கு ஒன்று குறைத்தால் சுமையின் நிலைமம் நான்கில் ஒரு பங்காகத் தெரியும், தள்ளும் விசை இரண்டு மடங்காகும், உச்ச வேகம் நிமிடத்துக்கு ஏழரை மீட்டராக இறங்கும். மோட்டாரை மேசைக்குக் கீழே மடக்கி வைக்கவும் வழி கிடைக்கும். ஒன்றேகால் மீட்டர் அகலமுள்ள தாழ்வாரத்தில் மெஷின் வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. பெல்ட்டின் இழுவையைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் இந்த வழியில் போகலாம். தெரியாதவருக்கு நேராகக் கப்ளிங் போட்ட 750 நிம்மதி.

எதைப் போட்டாலும் கைச்சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும். பழைய பழக்கத்தில், "கரண்ட் போனால் கையால் சுற்றலாமே" என்று மறுமுனையில் அதை விட்டுவைப்பவர்கள் அதிகம். இரண்டு கிலோ வார்ப்பிரும்புச் சக்கரம், எடை சராசரியாக மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அதன் நிலைமம் 98. மேசையும் ஸ்க்ரூவும் சேர்ந்ததைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல். டியூனிங் எப்படிச் செய்தாலும் அடங்காத மெஷின்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1000 ஆர்பிஎம்மில் சுற்றும் கைப்பிடி லுங்கியைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

இனி வகைகள். சாதாரண ஸ்டெப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமை மீறினால் ஸ்டெப்பைத் தவறவிட்டு, தவறவிட்டதை யாருக்கும் சொல்லாமல் தொடர்ந்து ஓடும். என்கோடர் வைத்த ஸ்டெப்பர்தான் உண்மையான போட்டியாளர். அதை விற்பவர்கள் ஹைப்ரிட் சர்வோ என்கிறார்கள். நேமா 34 அளவில் 8.5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். அது நின்ற நிலையில் பிடிக்கும் விசை. வேகம் ஏற ஏற வேகமாகச் சரியும். ஆனால் நாம் வெட்டுவது 60 முதல் 120 ஆர்பிஎம்மில். அந்த இடத்தில் ஸ்டெப்பர் தன் முழு பலத்தில் இருக்கிறது, தேவைக்குப் பல மடங்கு தருகிறது. பின்தங்கினால் அலாரம் அடித்து நிற்கிறது. சர்வோவைவிட விலையும் கணிசமாகக் குறைவு. தட்டையான பிளேட்டில் துளை, பாக்கெட், கீவே என்று வேலை செய்பவருக்கு இதற்கு மேல் செலவழிக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வளைந்த டை, மோல்டு என்று குட்டிக் குட்டிக் கோடுகளாக மணிக்கணக்கில் ஓடும் முப்பரிமாண வேலையில்தான் ஏசி சர்வோவின் மென்மையும் சத்தமின்மையும் கொடுத்த காசுக்குப் பேசும்.

பிரஷ் வைத்த டிசி சர்வோ பழைய மெஷின்களோடு வந்து மாட்டினால் தூக்கிப் போட வேண்டாம். காயில் கட்டும் கடையில் கம்யூட்டேட்டரை லேத்தில் பிடித்துச் சீர்செய்து புது கார்பன் போட்டால் ஓடும். காசு கொடுத்து வாங்கத்தான் தேவையில்லை. தையல் மெஷினுக்குப் போடும் 550 வாட் சர்வோ மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. அது வேகத்தைக் கட்டுப்படுத்தும், ஊசியை மேலேயோ கீழேயோ நிறுத்தும். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்து நில் என்றால் அதற்குப் புரியாது. சின்ன ஸ்பிண்டிலைச் சுற்ற வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம்.

என்கோடரின் பெருமை தனியாகப் பேசப்படுகிறது. 17 பிட் என்றால் ஒரு சுற்றுக்கு 1,31,072 எண்ணிக்கை. 5 மிமீ ஸ்க்ரூவில் ஒரு எண்ணிக்கை 0.00004 மிமீ. ஆனால் மலிவாகக் கிடைக்கும் உருட்டிச் செய்த சி7 தரப் பால் ஸ்க்ரூவே 300 மிமீ நீளத்தில் 0.05 மிமீ வரை தவறலாம் என்று ஒப்புக்கொண்டுதான் விற்கப்படுகிறது. பழைய லீட் ஸ்க்ரூவில் ப்ளே 0.2 மிமீ இருந்தால், என்கோடர் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே இருக்கும்; மேசை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கிளைம்ப் மில்லிங் செய்யும்போது டூல் மேசையைத் தன் பக்கம் இழுக்க, அந்த 0.2 மிமீ சடாரென்று தாவும், எண்ட் மில் உடையும். 23 பிட் என்கோடருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை முன்னழுத்தம் உள்ள நட்டுக்கும் நல்ல ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மதுரைக்கே உரிய பகுதி சுவரில் உள்ள பிளக்கிலிருந்து தொடங்குகிறது. 750 வாட் வரை டிரைவ்கள் சிங்கிள் பேஸில் ஓடும். ஒன்றரை கிலோவாட்டை நெருங்கும்போது பலவற்றுக்குத் திரீ பேஸ் தேவைப்படும். வீட்டு இணைப்பை வைத்திருப்பவருக்கு உண்மையான உச்சவரம்பு இதுதான். வீட்டு இணைப்பில் கூலிக்கு ஜாப் ஓட்டுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி அங்கீகாரமற்ற பயன்பாடு, கட்டணம் இரண்டு மடங்காக வரும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இந்த டிரைவ்கள் 200 வோல்ட் வகை. ஜப்பானியத் தொழிற்சாலை மின்சாரத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. பெரும்பாலானவற்றின் கையேட்டில் கீழ் எல்லை 170, மேல் எல்லை 253 அல்லது 264. சித்திரை மாதத்து இரவில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது, டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி இருக்கும் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். விடிகாலையில் சுமை குறைந்ததும் 250-ஐத் தொடும். மக்கள் பயப்படுவது இறக்கத்துக்கு. ஏற்றம்தான் டிரைவைச் சாப்பிடும். 230 வோல்ட்டைத் திருத்தினால் உள்ளே 325 வோல்ட் டிசி; 250 என்றால் 354. மேசை நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி, இருக்கும் சக்தியை டிரைவின் கெப்பாசிட்டருக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏறத்தாழ 400-ஐத் தாண்டினால் டிரைவ் டிரிப் ஆகும். நம் மேசையும் ஸ்க்ரூவும் 750 வாட் ரோட்டரும் 1000 ஆர்பிஎம்மிலிருந்து நிற்கும்போது திரும்புவது மூன்று ஜூல் கூட இல்லை. கெப்பாசிட்டர் அதைச் சத்தமில்லாமல் விழுங்கும். கைச்சக்கரம் மாட்டியிருந்தால் ஐம்பதுக்கு மேல். பகலில் ஓடும் மெஷின் விடிகாலையில் மட்டும் ஓவர்வோல்டேஜ் என்று நிற்கிறதென்றால், லைன்மேனைக் கூப்பிடும் முன் அந்தச் சக்கரத்தைப் பார்க்கலாம். அது இல்லாமலும் நின்றால் வெளியே ஒரு பிரேக்கிங் ரெசிஸ்டர் போட வேண்டும்.

என்கோடர் ஸ்டெப்பருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அதன் டிரைவ்கள் எழுபது வோல்ட் வரை ஏசியை ஏற்கும் வகையிலும் கிடைக்கின்றன. அதற்கான டிரான்ஸ்பார்மரை மதுரையில் எந்தக் காயில் கடையும் சுற்றிக் கொடுக்கும். வீட்டு வோல்டேஜ் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று பார்த்து டேப் எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சர்வோ மோட்டாரின் மதிப்பீடுகள் 40 டிகிரி சுற்றுப்புறத்துக்கு எழுதப்பட்டவை; மதுரை அதை நிழலிலேயே தாண்டுகிற ஊர். 750 வாட் மோட்டாரிடம் நாம் கேட்பது அது தொடர்ந்து தரும் முறுக்கு விசையில் பாதிகூட இல்லை, பிழைத்துக்கொள்ளும். கவலை பேனல் பெட்டிக்கு. தகரக் கூரையின் கீழ், மேற்குச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் 55 டிகிரியை எட்டுவது கடினமே இல்லை. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பத்து டிகிரி ஏற்றத்துக்கு ஏறத்தாழ பாதியாகும். பெட்டியைக் கிழக்கு அல்லது வடக்குச் சுவருக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

எர்த் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள், பிறகு என்கோடர் பிழை என்று வருவார்கள். ஸ்பிண்டில் வேகத்தை மாற்ற விஎஃப்டி போட்டிருந்தால் அதன் இரைச்சல் என்கோடர் கேபிளில் ஏறும். ஷீல்டு கேபிள் போட்டாலும் அந்த ஷீல்டு போய்ச் சேரும் எர்த் குழி உயிரோடு இருக்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடித்து எர்த் குழாயை விட்டு விலகும். மேலூர் பக்கம் சில அடியிலேயே பாறை. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாட்டி வைத்தியம் இல்லை. மூன்று டிரைவும் ஒரு விஎஃப்டியும் சேர்ந்தால் அவற்றின் ஃபில்டர்கள் எர்த்துக்குக் கசியவிடும் மின்னோட்டத்திலேயே வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழலாம். அதைத் துண்டித்து நேராக இணைத்துவிடும் கைகள் உண்டு. அப்படிச் செய்யாமல், மெஷினுக்குத் தனி லைன் இழுத்து, அதற்குரிய பாதுகாப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கன்ட்ரோலர் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி ஆய்வகத்தில் பிறந்த லினக்ஸ்சிஎன்சி இலவசம். மாக்3-யைப் பலர் இன்னும் பழைய கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட்டில் ஓட்டுகிறார்கள். அந்த வழியில் வழக்கமாக நொடிக்கு 25,000 பல்ஸ்தான். டிரைவ் ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் கேட்டால் மேசை நிமிடத்துக்கு 750 மிமீ தாண்டாது, சர்வோ மந்தமாக இருக்கிறது என்று பழி வரும். டிரைவில் எலக்ட்ரானிக் கியரை 2,000 பல்ஸுக்கு மாற்றினால் வேகம் 3.75 மீட்டராகும், ஒரு பல்ஸ் 0.0025 மிமீ, நம் ஸ்க்ரூவுக்கு அதுவே அதிகம்.

சிம்மக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையிலும், சிவகாசியில் பிரிக்கப்படும் அச்சு இயந்திரங்களிலும் சர்வோ மோட்டார்கள் ஆசை காட்டும். யாஸ்காவா, பானசோனிக், மிட்சுபிஷி என்று பெயர் பெரிதாக இருக்கும். அண்மைக்கால மோட்டார்களின் சீரியல் என்கோடர் தன் கம்பெனி டிரைவோடு மட்டும்தான் பேசும். அதே வரிசை டிரைவும் வெட்டப்படாத கேபிளும் கூடவே கிடைத்தால் மட்டும் விலை பேசலாம். தனி மோட்டார் வெறும் செம்பும் காந்தமும்தான். அதன் கனெக்டர் ஒன்றைத் தேடிப் போகும் அலைச்சலே போதும்.

செங்குத்து அச்சுக்கு மட்டும் விதி வேறு. பழைய ஸ்க்ரூ தானாக நழுவாது. பால் ஸ்க்ரூ நழுவும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குச் சப்ளை நிற்கும் அந்த நொடியில் ஹெட் ஜாப் மேல் இறங்கும், மேசையைத் தாங்கும் முழங்கால் (knee) பகுதி நகரும் மெஷின் என்றால் அது எல்லாவற்றோடும் கீழே போகும். 24 வோல்ட் பிரேக் வைத்த மோட்டார்தான் இதற்கு. அந்த பிரேக் நின்றதைப் பிடித்து வைக்கத்தான், ஓடுவதை நிறுத்த அல்ல; எடையின் பெரும்பகுதியைக் கேஸ் ஸ்பிரிங்கோ எதிர் எடையோ தாங்க வேண்டும்.

கடைசியில் மூன்று அச்சுக்கும் ஒரே 750 வாட், ஒரே வரிசை டிரைவ், செங்குத்துக்கு மட்டும் பிரேக் உள்ளது என்றுதான் தினமும் ஜாப் ஓட்டுபவருக்கு நான் சொல்வேன். கணக்குப்படி ஒய் அச்சுக்குச் சின்ன மோட்டாரே போதும் என்றாலும் அப்படித்தான். டிரைவ் பழுதானால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ பார்சல் போட வேண்டியிருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால், எந்த அச்சு படுத்தாலும் அலமாரியில் இருக்கும் ஒரே உதிரி டிரைவில் பாராமீட்டரை ஏற்றி அன்று மாலையே மெஷினை ஓட்டிவிடலாம்.